வெட்டாமல் அனுப்பிய குரல்

ஜெர்மனியில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அய்யாவின் பெயரை எழுதி ஒட்டினேன். கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரையைத் தாண்டிப் போகாத மனிதர் இங்கே வெறும் பெயராக இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். அலுவலகம், பல் மருத்துவமனை, எங்கே போனாலும் நான் "ஹெர் கருப்பையா"தான், அதாவது திரு. கருப்பையா. பழைய வம்சப் பெயரா என்று கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டார். "என் அப்பாவின் பெயர். அவர் இறந்துவிட்டார்" என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். மறுநாள் காலை வாசலில் வெள்ளைப் பூங்கொத்து இருந்தது. அய்யா போய்ப் பல வருடம் ஆகிறது என்று விளக்கத் தெம்பில்லாமல், "டாங்கெ" சொல்லிப் பூவைத் தண்ணீரில் வைத்தேன். வந்த நாட்டில் பாதிப் பொழுது இப்படித்தான், திருத்தாமல் விட்ட பிழைகளோடு போகிறது.

என் மகள் இனியா இங்கேயே பிறந்தவள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் அவளுக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. "தாத்தாவுக்கு முன்னாடி யாருப்பா? அவங்க என்ன சாப்பிட்டாங்க? யாரைக் கும்பிட்டாங்க?" என்று சாப்பாட்டு மேஜையில் துளைத்தெடுப்பாள். எனக்கு இரண்டு தலைமுறைக்கு மேல் தெரியாது. பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய ஆசிரியை, "உங்கள் மகள் வேர்களைத் தேடுகிறாள். எவ்வளவு அழகு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "யா, யா" என்றேன். எங்கள் ஊரில் அந்த வேரைத் தோண்டினால் கூடவே என்னவெல்லாம் வெளியே வரும் என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். அண்ணன் வீட்டு முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. இனியா போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பெரியப்பாவிடம் கதை கேட்டாள். அண்ணனுக்கு ஒரே பெருமை. அய்யா, அவருடைய அய்யா, அவருக்கும் அய்யா என்று ஏறிக்கொண்டே போனார். யார் கிணறு வெட்டியது, யார் கோயிலுக்கு நிலம் விட்டது என்று எல்லாம் சொன்னார்.

"பெரியப்பா, பொண்ணுங்க பேரே வரலையே?"

"பொம்பளப் பிள்ளைக வேற வீட்டுக்குப் போறவுகத்தா. அவுகள எங்கிட்டுச் சேக்குறது?"

"சரி, உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

"நானும் உங்கப்பனும்தான். ரெண்டே பேரு."

வற்றலைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. எங்கள் தங்கை பஞ்சவர்ணத்தின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ராமேஸ்வரத்துக்குப் போனவள் அவள். வெளிநாட்டுக்கு வந்தபிறகுதான் நான் அவளோடு போனில் பேசத் தொடங்கினேன். அது அண்ணனுக்குத் தெரியாது. இனியாவுக்கும் சொல்லவில்லை, சொன்னால் ஏன் என்று கேட்பாள். அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வந்ததாகச் சொல்ல மாட்டேன். மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

"மூணு பேரு," என்றேன்.

"ஏலே, வந்த எடத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு," என்று அண்ணன் எழுந்து போனார்.

அன்றிரவு தங்கையைப் பற்றி இனியாவிடம் எல்லாம் சொன்னேன். இத்தனை நாள் மறைத்த கோபத்தோடுதான் மறுநாள் என்னோடு ராமேஸ்வரத்துக்குக் காரில் வந்தாள். பாம்பன் பாலத்தில்கூடக் கடலைப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணம் கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். யாத்திரைக் கூட்டத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் சாவிக்கொத்தை அப்படியே மேஜையில் வைத்தாள். பிறகு, "சாப்டியளா?" என்றாள்.

பின்னறையில் உட்கார்ந்து இனியா மறுபடி போனை நடுவில் வைத்தாள். பஞ்சவர்ணம் முதலில் எங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அம்மாவின் அம்மா, அய்யாவின் அம்மா என்று அண்ணன் விட்ட பெயர்களையெல்லாம் சொன்னாள். பிறகு, "நான் உசுரோட இருக்கையில எனக்குப் பதினாறாம் நாள் காரியம் செஞ்சாக. அய்யாதான் செஞ்சாரு," என்றாள்.

"தாத்தாவா?"

"ஆமத்தா. கெட்ட மனுசன் இல்ல. ஊருக்குப் பயந்த மனுசன்."

இனியா போனை அத்தை பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "உங்களையும் நம்ம கதையில சேர்க்கலாமா அத்தை?" என்று மெல்லக் கேட்டாள்.

"என்னைய மட்டும் சேத்தா எப்படி? உங்க மாமா பேரு அந்தோணி. அவுகளையும் சேரு."

நாங்கள் ஜெர்மனிக்குத் திரும்பி வந்தபின் அண்ணன் மகன் போன் செய்தான். கல்லூரியில் படிக்கிற பையன். "சித்தப்பா, இங்கன பயலுக எல்லாம் நம்ம வரலாறு கேக்குறாங்க. கோயில் திருவிழா வருது, சாமி கும்பிடுக்கு மைக்ல போடணும். இனியா எடுத்ததை அனுப்பச் சொல்லுங்க." அங்கேயும் பிள்ளைகளுக்கு ஆர்வம்தான். இனியா முழுவதையும் அனுப்பினாள், பெரியப்பா குரலும் அத்தை குரலும் சேர்த்து. அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டார். "அந்தக் கழுத பேச்ச வெட்டிட்டு அனுப்பச் சொல்லுடா." நான் வாயைத் திறப்பதற்குள் இனியா போனை வாங்கி, ஜெர்மன் வாடை வீசும் தமிழில், "வெட்ட முடியாது பெரியப்பா. அப்படின்னா அது நம்ம கதை இல்ல," என்றாள். அந்தப் பக்கம் இணைப்பு போய்விட்டது. அதன்பிறகு அண்ணன் பேசவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. சாமி கும்பிடு நடந்ததா, மைக்கில் என்ன போட்டார்கள், தெரியாது.

மகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் செய்தது சரி. ஆனால் எனக்கு ஊர் என்றால் அந்த ஒரு வீடுதான் இருந்தது. அடுத்த கோடைக்கும் போக வேண்டுமென்று இனியா இப்போதே நிற்கிறாள். மதுரையிலிருந்து வரும் சாலை பார்த்திபனூர் விலக்கில் பிரியும். வலதில் திரும்பினால் கமுதி. நேரே போனால் ராமேஸ்வரம், கடல். கார்க்காரர் அங்கே வேகத்தைக் குறைத்து, "எங்கிட்டுண்ணே போகணும்?" என்று கேட்பார். இனியா நேரே கை காட்டுவாள். நானும் தலையாட்டுவேன். கார் அந்த விலக்கைத் தாண்டிய பிறகும் நான் வலப்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன்.