பிரேக்கில் வைத்த கால்

என் வீட்டுக்காரர் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் கிளாக்கர். அவரிடம் ஒரு பழைய கார் உண்டு. எந்தக் காலத்துத் துரையோ விட்டுப்போனது, கைமாறிக் கைமாறி எங்கள் தலையில் வந்து விடிந்தது. எனக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டார். மழை தூறினால் காருக்குப் படங்கு போர்த்த ஓடுவார்.

அன்று காலை பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் எடுத்தான். "அம்மா ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. இன்னைக்கித் தாண்டாதுன்னு டொக்டர் சொல்றாரு. வெரசா வா."

பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அவர் விடவில்லை.

"வாசல்ல கார் நிக்கிறப்ப லயத்துக் கூலி ஆளுகளோட முட்டி மோதிக்கிட்டுப் போவியா? என் மானம் என்னாகிறது? சித்த நேரம் இரு, நானே கொண்டுபோய் விடுறேன்."

கார் நின்றது உண்மைதான், ஒரு சக்கரம் இல்லாமல். சக்கரத்தைப் பிடிக்கிற போல்ட்டுகள் மரை தேய்ந்து சக்கரம் ஆட்டம் கண்டு, ஒன்று முறிந்தே போயிருந்தது. கொழும்பிலிருந்து வந்த புதுசு பல நாளாகப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அன்றைக்குத்தான் அவருக்குக் கை துறுதுறுத்தது.

பழையதைச் சுத்தியலால் அடித்துக் கழற்றினார். புதியதைப் பின்பக்கம் செருகி, முன்னால் நட்டைப் போட்டு முறுக்கி உள்ளே இழுக்க வேண்டும். முறுக்கும்போது சக்கரம் மாட்டுகிற டிரம்மும் கூடவே சுற்றும். சுற்றாமலிருக்க யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். வேறு யார், நான்தான். கட்டிய சேலையோடு ஏறி மிதித்தேன்.

கீழே வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. கதவைத் திறந்தேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"எறங்குனா அப்படியே போயிரு. திரும்பி வராத."

எனக்கிருந்த ஒரே போக்கிடம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கதவைச் சாத்திவிட்டு மிதித்தேன். பஸ் எங்களைக் கடந்து போனது.

அவர் ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்து, எண்ணெய் தொட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைக்குக் காது குத்துகிறவன்கூட அவ்வளவு பார்க்கமாட்டான். மடியில் போன் அடித்தது. எடுக்கப் போனதில் கால் லேசாகத் தூக்கிக்கொண்டது. கழுதை என்றார். அத்தோடு விட்டாரா, நாசமாய்ப் போகிறவர்? வேலை முடிந்ததும் கையைக் கழுவி, காரையும் கழுவினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். கதவு திறந்தபோதெல்லாம் நான்தானா என்று கேட்டாளாம்.

"ஒங்க பக்கத்து பஸ் வந்து எவ்வளவு நேரமாச்சு? நீ ஏன் அதுல வரல?" என்றான் அண்ணன் என்னைப் பார்த்து.

"நம்ம கார்ல வந்தோம் மச்சான், அதான் கொஞ்சம் சுணங்கிருச்சு," என்றார் இவர்.

அம்மாவை ஹல்துமுல்லை வீட்டுக்குக் கொண்டுபோக வேன் வந்தது. அவளை ஏற்றினார்கள். நானும் படியில் கால் வைத்தேன். அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"ஒனக்குத்தான் கார் இருக்கே. அதுல வா."

கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். ஹாலிஎல தாண்டும்வரை முன்னால் போன வேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டினார்.

"பாத்தியா, இப்ப கொஞ்சங்கூட ஆட்டமில்ல."