மூக்கால் ஆண்ட மன்னர்

ஈரக் கை பட்டால் போனின் திரை முரண்டு பிடிக்கும். அதனால் ஏசுராஜ் குனிந்து, ஐஸ் பெட்டிமேல் சாய்த்து வைத்த போனை மூக்கு நுனியால் தட்டுவார். தட்டுவதற்கு முன் மூக்கைத் தோளில் ஒரு முறை துடைத்துக்கொள்வார். செதில் ஒட்டியிருந்தால் பக்கத்துப் பொத்தானும் அமுங்கிவிடும். போன மாதம் குதிரைப்படை முழுவதையும் அப்படித்தான் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

சாந்தோம் கடற்கரைச் சாலையோரத்தில் மீன் வியாபாரம். பக்கத்தில் மனைவி ஜெசிந்தா அரிவாள்மணையில் வெட்டித் தருவார். சாலையில் போகிற எவனும் "கூடைய நவுத்துப்பா" என்று அதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் போனுக்குள் நடக்கும் போர் விளையாட்டில் அவர் முத்துநாட்டின் அரசர். அங்கே திட்டுகிறவர்கள்கூட "மன்னா" என்று ஆரம்பித்துத்தான் திட்டுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எதையும் தாங்குவார்.

முத்துநாடு இப்போது முக்கால்வாசி போய்விட்டது. காரணம், மன்னரின் வெளியுறவுக் கொள்கை. பக்கத்து நாட்டுக்காரர்கள் சமாதானம் பேச வந்தபோது, வஞ்சிரத்துக்கு விலை சொல்வதுபோல் இரண்டு மடங்காகச் சொன்னார். இரண்டு தங்கச் சுரங்கம் வேண்டும் என்றார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இவர் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் நெரிக்கிற நேரத்தில் அரசவை கூடியது. மன்னரை இறக்குவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. போனின் ஸ்பீக்கரில் மந்திரிகள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கரா மீன் வாங்க வந்தவர்கள் பையோடு நின்று கேட்டார்கள்.

"நைனா, எனக்குப் பேரம் கத்துத் தராத," என்றார் ஏசுராஜ் போனைப் பார்த்து, இறாலை உரித்தபடி. "கேக்குறவன் நாலு அடி போவான். அப்பால திரும்பி வருவான். வந்தே தீருவான்."

நிதி மந்திரி ஸ்ரீகிருஷ்ணா நிஜத்தில் அபிராமபுரத்து ஆடிட்டர். மீன் வாடையே ஆகாதவர். "திரும்பித்தானே வந்தா, மன்னா," என்றார் நிதானமாக. "பீரங்கியோட வந்திருக்கா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெசிந்தா தலை நிமிராமலே சொன்னார்: "ஊட்ல ஒரு கேஸ் சிலிண்டர் புக் பண்ணத் துப்பு இல்ல. நாடு ஒண்ணுதான் கொறச்சலாக் கீது."

தி. நகர் நந்தகுமார் மட்டும் மன்னருக்காக வாதாடினார். விளையாட்டில் குடிமகன், கடையில் ஞாயிறு தவறாத வாடிக்கையாளர். நெருக்கடியில் தலைமையை மாற்றினால் நாடு சிதறும், இந்த மன்னரைப்போல் இன்னொருவர் கிடைப்பாரா என்று அடுக்கினார். ஏசுராஜின் கை இறாலிலேயே நின்றுவிட்டது.

முடிவு வந்தது. ஒரே ஓட்டில் கிரீடம் தப்பியது. ஏசுராஜ் மூக்கைத் தோளில் துடைத்து, மெல்லக் குனிந்து, நன்றி என்ற பொத்தானைத் தட்டினார். இந்த முறை சரியாகப் பட்டது.

கொஞ்ச நேரத்தில் நந்தகுமாரே பையோடு வந்து நின்றார். அன்றைக்கு வந்ததில் பெரிய வஞ்சிரத்தின் நடுத்துண்டை, ஜெசிந்தா முறைக்க முறைக்க, எடை போடாமலே எடுத்து அவர் பையில் வைத்தார் மன்னர். அன்றுமுதல் எல்லா ஞாயிறும் நடுத்துண்டு அவருக்குத்தான்.

நந்தகுமார் பக்கத்து நாட்டின் ஒற்றர் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு அங்கிருந்து வந்திருந்தது ஒரே ஒரு உத்தரவு: ஏசுராஜ் சிம்மாசனத்தை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.