தாமதக்கா சொன்ன காரணம்

பத்தொன்பது வருடமாக ரயில் நிலையத்தில் "வண்டி தாமதம்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தாமதக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் கோபப்படமாட்டாள். அந்த ஒலிபெருக்கி அறையில் அவள் படித்த பாடம் ஒன்று உண்டு. ஜனங்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், ஏன் என்று தெரியாமல் நிற்பதைத்தான் பொறுக்கமாட்டார்கள். வண்டி வராவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கூட்டம் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கதவைத் தேடிக் கிளம்பிவிடும்.

சனிக்கிழமை மாலைகளில் கால்பந்து மைதானத்தில் மைக் பிடிப்பாள். அங்கே ஒரு மேலாளர். ஜனங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பிய புண்ணியவான். சந்தேகமான ஆட்டத்தை வீடியோவில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வீடியோ நடுவர் வந்ததிலிருந்து அவருடைய உத்தரவு ஒன்றே ஒன்று: "'பரிசோதனை நடக்கிறது'ன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சு, கழுத்துல தொங்குற பாஸைக் கழட்டி வச்சிட்டுப் போயிடணும்."

வீடியோ அறைப் பேச்சு முழுக்க அவள் ஹெட்ஃபோனில் கேட்கும். கேட்கலாம், சொல்லக்கூடாது. இது என்ன நியாயமோ!

அன்று ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. உள்ளூர் அணி ஓடிப்போய்த் தெற்குக் கோலில் பந்தைத் தள்ளியது. மைதானமே துள்ளியது. அப்போது ரெஃப்ரி வீடியோ அறை சொல்வதைக் கேட்கக் காதில் விரலை வைத்தார்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. பெரிய திரையில் 'பரிசோதனை' என்ற ஒற்றைச் சொல்.

"ஆஃப்சைடே இல்லடா, கண்ணு தெரியலயா?" என்று வடக்குப் பக்கமிருந்து கத்தினார்கள். தெற்குக் கோல் அவர்களுக்கு எறும்பு மாதிரித்தான் தெரியும், ஆனாலும் கத்தினார்கள். அவள் காதில் கேட்டதோ வேறு. கோலைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அரை நிமிடத்துக்கு முன்னால், வடக்குக் கோல் முன்னால், உள்ளூர் அணியின் நாலாம் நம்பர் பந்தைக் கையால் தடுத்தாரா? இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வடக்குப் பக்கக் கூட்டம் படிகளில் இறங்க ஆரம்பித்தது. அங்கே முதல் வரிசையில் அவள் அண்ணன். முட்டி ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம், ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. படி ஏற வேண்டாமே என்று அவளே கெஞ்சி வாங்கிக் கொடுத்த இடம். கைப்பேசி அடித்தது.

"என்னம்மா நடக்குது? பின்னாடியிருந்து தள்றாங்க. வேலியோட வச்சு அமுக்குறாங்க. எந்திரிக்க முடியல."

பக்கத்தில் நின்ற மேலாளரிடம், "சார், என்ன பார்க்கிறாங்கன்னு சொல்லிடறேன்" என்றாள்.

"கூடவே கூடாது. முடிவு நமக்கு எதிரா வந்தா கொளுத்திடுவாங்க."

"சொல்லாட்டி மட்டும் கொஞ்சுவாங்களா?"

கீழே வேலிக் கம்பி முன்பக்கமாக வளைவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. மைக் பொத்தானை அமுக்கினாள். பத்தொன்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

மைதானம் திகைத்தது. எங்கோ ஒருவன் சிரித்தான். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். சிரிக்கிறவனால் முழு பலத்தோடு தள்ள முடியாது. மானம் போனது போகட்டும் என்று அந்தச் சந்தில் அவள் நுழைந்துவிட்டாள்.

"இப்போ பார்க்கிறது இந்தக் கோலை இல்லீங்க. அரை நிமிஷத்துக்கு முன்னாடி வடக்குக் கோல் பக்கம் நம்ம நாலாம் நம்பர் கையில பந்து பட்டுச்சான்னு பார்க்கிறாங்க. பட்டிருந்தா நம்ம கோல் செல்லாது, அவங்களுக்குப் பெனால்டி. படலைன்னா கோல் நமக்குத்தான். இன்னும் ஒரு நிமிஷம் ஆகலாம். வடக்குப் பக்கம் முதல் வரிசையில நடக்க முடியாதவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு ரெண்டு படி பின்னாடி போங்க."

சிரிப்பு அடங்கியது. வடக்குப் பக்கம் இரண்டு படி பின்வாங்கியது. யாரும் ஆஃப்சைடு பற்றிப் பேசவில்லை.

கை பட்டது உண்மைதான். கோல் போனது, பெனால்டி விழுந்தது, உள்ளூர் அணி தோற்றது. ரெஃப்ரியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. வேலி நின்றது.

மேலாளர் கையை நீட்டினார். கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி அதில் வைத்துவிட்டு இறங்கினாள்.

வாசலில் அண்ணன் ஊன்றுகோலோடு நின்றான். தோல்வி மூஞ்சியில் அப்பியிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவள் வெறும் கழுத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தான்.

"கை பட்டுச்சு. நம்ம மூக்குக்கு நேராத்தான் நடந்துச்சு. நான் பார்த்தேன்" என்றான் கடைசியில்.

"பார்த்துட்டுத்தான் அந்தக் கத்து கத்தினியா?"

"கோல் விழுந்ததும் மறந்துட்டேன். பக்கத்துல இருந்தவனும் பார்த்திருக்கான். நீ சொன்னதும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்தோம். அப்புறம் கத்த வாய் வரல."