வீடு வரைக்கும் மூச்சு

மருத்துவக் கல்லூரியில் என் பாடத்துக்கு எப்போதும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நேரம் ஒதுக்குவார்கள். மருத்துவ அறவியல். பிள்ளைகள் அதற்கு 'நீதி போதனை பீரியட்' என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வைத்துக்கொள்ளட்டும். கடைசி வரிசையில் சொக்கி விழுகிறவனை எழுப்பி, "நோயாளி இறந்துவிட்டார். வெளியே அவர் மனைவி நிற்கிறாள். முதலில் என்ன சொல்வாய்?" என்று கேட்பேன். பையன் திருதிருவென்று முழிப்பான். "உண்மையைச் சொல். சுற்றி வளைக்காதே, தாமதிக்காதே" என்பேன். பல வருடங்களாக இதே வசனம்தான்.

என் ஆராய்ச்சியும் சாவைப் பற்றியதுதான். இனிப் பிழைக்கமாட்டார் என்று மருத்துவமனை கைவிரித்துவிட்டால், எங்கள் பக்கத்தில் ஆளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வென்டிலேட்டரைக் கழற்றி, தொண்டைக் குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, ஆம்புலன்ஸில் வழிநெடுகக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுப்பார்கள். குழாயை எடுப்பது வீட்டுக்குள் போன பிறகுதான். வெளியே உயிர் போய்விட்டால் பல குடும்பங்களில் உடம்பை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். தெருவில் பந்தல், அப்படியே சுடுகாடு. விருதுநகர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் இதைப் பற்றி விசாரித்தேன். வழியிலேயே நாடி நின்றுபோனாலும் வீடு வரைக்கும் பையை அமுக்கிக்கொண்டு போவதுண்டு என்று ஆம்புலன்ஸ்காரர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். கட்டுரையில் அதைக் குடும்பத்தை ஏமாற்றும் செயல் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

போன வருடம் என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால், சாப்பிட்டாயா என்று கேட்டாலே சண்டைக்கு வருவது போல இருக்கும். மதுரையில் சேர்த்தோம். சில நாட்கள் கழித்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. "மூச்சோட வீட்டுக்குக் கொண்டுபோயிரலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தானின் அண்ணன் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூச்சிருந்தா உள்ள. இல்லாட்டி வாசலோட சரி. என் தம்பின்னாலும் அதான். பயலுக்கும் அப்படித்தான செஞ்சோம்."

பயல் என்றது அக்காவின் ஒரே மகனை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே டெங்குக் காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் போய்விட்டான். எப்படிச் சொல்வது என்று டாக்டர் தயங்கி நின்றபோது, நான்தான் வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொன்னேன். உடனே சொன்னேன், சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவனை வீட்டுக்குள் விடவில்லை.

ஆம்புலன்ஸில் டிரைவரைத் தவிர அக்காவும் நானும் மட்டும்தான். பையை நான் வாங்கிக்கொண்டேன். குழாய் நழுவாமல் இருக்க அத்தானின் கன்னத்தைச் சுற்றிப் பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். ஒரு கை பையில், இன்னொரு கை அவர் கழுத்து நாடியில். திருமங்கலம் தாண்டும்வரை நாடி இருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். முடிந்துபோயிருந்தது.

நிறுத்த வேண்டும், சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் சைரனை ஒருவரும் சட்டை செய்யவில்லை. அக்கா அத்தானின் பாதத்தைப் பிடித்தபடி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"கால் சில்லுன்னு ஆயிருச்சு, ஏட்டி" என்றாள், நிமிராமல்.

"அக்கா, அத்தான்..."

"சொல்லாத. எனக்குத் தெரியும். நீ அமுக்கிக்கிட்டே வா."

"இனிமே இது எதுக்குக்கா?"

டிரைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "எம்புள்ளைய ஐஸ் பெட்டில வச்சுத் தெருவுல போட்டாவ. விடிய விடிய நாய வெரட்டிக்கிட்டுக் கெடந்தேன். இவியளயாவது நடுவீட்டுல கெடத்தணும். ஒன்னால முடியலைன்னா குடு, நான் அமுக்குதேன்."

கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. பெரிய மனசு என்றெல்லாம் இல்லை, அவள் கை அந்தப் பையில் படக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

பையை அமுக்கினால் மார்பு ஏறும், விட்டால் இறங்கும். உயிருள்ளவருக்கும் அப்படித்தான், இல்லாதவருக்கும் அப்படித்தான். இராஜபாளையம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அருவருப்பாக இருந்தது. கை மரத்துப்போனது. அதே நேரம் இந்த வண்டி இன்னும் கொஞ்சம் விரட்டிப் போகாதா என்றும் இருந்தது.

வாசலில் அண்ணன்காரர் நிலையை மறித்து நின்றார். ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் குனிந்து தம்பியின் மார்பையே பார்த்தார். எத்தனையோ பிணங்களைப் பார்த்த போலீஸ்காரர். கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"மூச்சு இருக்கா தாயி?"

"இருக்கு பெரியத்தான்."

"அப்பம் உள்ள கொண்டாங்க."

நான் டாக்டர் என்பதால் கேட்டார், டாக்டர் சொன்னதால் நம்பினார். நடுவீட்டில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். குழாயை ஒட்டி உதட்டோரத்தில் அவர் ஒரு சங்கு பால் விட்டார். பால் கன்னத்தில் வழிந்தது. பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கட்டை அவிழ்த்துக் குழாயை உருவினேன். பெண்கள் அழத் தொடங்கினார்கள். "எந்தம்பி வீடு வந்து சேந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆண்கள் எல்லாம் சுடுகாட்டுக்குப் போன பிறகு வீடு கழுவிவிட்ட ஈரத்தோடு கிடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அத்தானைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பயலையும் இப்படி அமுக்கிக்கிட்டே கொண்டாந்திருக்கலாம்லா?" என்றாள்.

பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீதான வெளிய வந்து சொன்ன. ஏன் சொன்ன?"

கோபமே இல்லை அந்தக் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நெசத்தச் சொல்லணும்னு நெனச்சேன்க்கா" என்றேன்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பையை அமுக்கிய கை. விரல்கள் இன்னும் மடங்க மறுத்தன. அதை மெல்ல நீவிவிட்டுக்கொண்டே, "அன்னைக்கும் நீ ஒரு பொய் சொல்லிருந்தேன்னா எம்புள்ள உள்ள வந்திருப்பான்" என்றாள்.