தொட்டில் கட்டிய சேலை

போன வருஷம் ஆனி மாசம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் தலைப்பிள்ளைக்கு அப்போதுதான் ஆறு மாதம் முடிந்திருந்தது.

அம்மா வீட்டிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்த புதிதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒன்றுமே தெரியாது. குளிப்பாட்டப் பயந்து ஈரத்துணியால் துடைத்தே ஒரு வாரம் ஓட்டினோம். பைய பையத்தான் கை பழகியது. நான் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொள்வேன், அவர் செம்பில் தண்ணீர் ஊற்றுவார். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போனது.

பிறகு நான் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குத் திரும்பினேன். அவருக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்கிற வேலை. பகலில் பிள்ளை அவர் பொறுப்பு. அழுது ஊரைக் கூட்டப்போகிறான், மனுஷன் திண்டாடப்போகிறார் என்று நினைத்தேன். எங்கே! சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டிலில் ராஜா மாதிரி தூங்குகிறான். கீழ்வீட்டு அக்கா வேறு, இவன் சரியான அப்பா பிள்ளை என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பத்து மாசம் சுமந்தது நான், பேர் அவருக்கா? சந்தோஷப்பட வேண்டியவள், ஒரு நாளாவது அவர் திணற மாட்டாரா என்று காத்திருந்தேன். வேலையை விட்டுவிடுவது என்றே முடிவுகட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தனியாகவே குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பால் கொடுத்தேன். தொட்டில் கட்டியிருந்த என் பழைய சேலையில் புளித்த பால் வாடை. அழுக்குக்கூடையில் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார், ஆம்பிளை பிள்ளை பார்க்கிற லட்சணம் இதுதான் என்று அதை அவிழ்த்து வாளியில் ஊறப்போட்டேன். துவைத்து மடித்திருந்த சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டேன். வீறிட்டான். தூக்கினால் அடங்குகிறான், தொட்டிலில் போட்டால் வீறிடுகிறான். அப்பாவைத்தான் தேடுகிறான் என்று நினைத்து நானும் அழுதுவிட்டேன்.

அவர் வந்து தொட்டிலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"அந்தச் சேலையவா நனைச்சிட்ட? ராத்திரி நீ கட்டியிருந்து காலையில அவுத்துப் போடுத சேலையிலதான் தினமும் தொட்டில் கட்டுதேன். உன் வாடை இல்லாட்டி கண்ணை மூட மாட்டேங்கான். எங்கிட்ட எங்க தூங்குதான், ஏட்டி?" என்றவர், வாளியிலிருந்து சேலையை எடுத்துப் பிழிந்தபடியே, "எனக்குத்தான் உன்மேல பொறாமை" என்றார்.

உள்ளே போய் உடுத்தியிருந்த சேலையை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தொட்டில் கட்டினார். பிள்ளை முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

வேலையை நான் விடவில்லை. இப்போது அவன் நடக்கிறான், விழுந்தால் அப்பாவிடம்தான் ஓடுகிறான். பார்க்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் காலையில் கிளம்பும்போது, அவிழ்த்த சேலையை அழுக்குக்கூடையில் போட மனசு வராமல், அவன் கைக்கு எட்டும்படி கட்டில்மேலேயே விட்டுவிட்டுத்தான் போகிறேன்.