ஜன்னலோரத்து ஆள்

என் மனைவி ஒரு நாவல் எழுதுகிறாள். கதை நடப்பது எங்கள் ஊரான ஈப்போவில்தான், ஆனால் இன்னும் சில ஆண்டுகள் கழித்து. விடியற்காலையில் சங்கு ஊதும். ஊர் மொத்தமும் ரயில் நிலையத்தின் முன்னே வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும், அந்தக் கால ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு போல. வராதவர் வீட்டுக்கு அன்று தண்ணீர் கிடையாது. சுண்ணாம்புக் குன்றுகளின் மேலிருந்து கேமராக்கள் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் படிக்கத் தந்த மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவன் வந்தான். ஊரின் புந்தோங் பகுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த வீட்டு கேட் எத்தனை மணிக்குத் திறந்தது என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்புகிறவன். நாங்கள் இருப்பதும் புந்தோங். கேட் திறக்கும் நேரத்தை நானும் பல வருடங்களாக நாட்குறிப்பில் எழுதி வருகிறேன். யாருக்கும் அனுப்புவதில்லை, அவ்வளவுதான். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று காட்டியதில்லை. நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

திருட்டுத்தனமாகப் படிக்கிறாளா? கேட்டால் இல்லை என்பாள். அதை நம்புவதா என்று இன்னொரு தொல்லை. அதனால் நடக்காத ஒன்றை நோட்டில் எழுதிவைத்தேன்: 'காலை 6.40. எதிர்வீட்டு அக்கா சிவப்புப் பெட்டியோடு, அழுதபடி வெளியேறினார்.' உண்மையில் அந்த நேரம் அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சிவப்புப் பெட்டி கதைக்குள் வந்தால் மனைவி அகப்பட்டாள்.

அடுத்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். பெட்டி இல்லை. உஷாராகிவிட்டாளோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். மாலை தேநீரின்போது கேட்டே விட்டேன்.

"அந்த ஜன்னல் ஆளு யாரு?"

"உங்கப்பாதான் லா," என்றாள், தயங்காமல். "போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்க?"

அப்பா பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்; பெரட்டில் ஆள் வரவைப் பதிவது அவர் வேலை. இவளுடைய அம்மா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்.

"ஒரு நாளு எங்கம்மா பெரட்டுல நின்னாங்க. நின்னும் வரலன்னு எழுதிட்டாரு. லயத்து வீடு பூரா சோம்பேறின்னு பேரு. புக்குல இருக்குல்ல, அப்ப அதான் நெசம்னுட்டாங்க. என் கதையே அதான்."

நான் செய்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"என்னையப் புடிக்கணும்னா என்னையப் பத்தி எழுதுங்க. அந்த அக்காவ ஏன் இழுத்தீங்க? நாளைக்கு யாராச்சும் படிச்சா?"

அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து வந்து, அவள் கண் முன்னாலேயே அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தன இருக்கு இதுல?"

இது ஒன்றுதான் என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.