ஊர் போடாத பெயர்

இராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்கிறேன். முகூர்த்த மாதம் வந்தால் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக் கை ஓய்ந்துபோகும். அந்த எரிச்சலில் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கருவி எழுதினேன். படம் கிடையாது, பட்டன் கிடையாது. பெயர்களை ஒரு ஃபைலில் போட்டு, கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். டெம்ப்ளேட்டில் அவை உட்கார்ந்து முழுப் பத்திரிகையும் வந்துவிடும். "இன்னொரு வரி தட்டுனா பந்தியும் போட்டுரும் போலயே" என்பார் முதலாளி.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் உறவுக்காரர் பெயருக்கு முன்னால் ஊர் வரும். காலமானவர்களுக்கு ஊர் போடாமல் 'தெய்வத்திரு' என்று போடுவோம். அதனால் ஊர் காலியாக இருந்தால் 'தெய்வத்திரு' சேர்த்துக்கொள் என்று கருவிக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

நாத்தனார் கல்யாணம் வந்தது. என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார்; எங்கே என்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். மணமகளின் அண்ணன் என்று அவர் பெயரை அடித்தேன். எந்த ஊர் போட என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என விட்டுவைத்தேன். அவரோ சில நாட்களாகப் போனே பண்ணவில்லை. முதலாளி அவசரக்காரர். நான் சாப்பிடப் போன நேரத்தில் அவரே எண்டரைத் தட்டி, வந்ததை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் மாமியாருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்.

அத்தையிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, ஒனக்கு யாரு சொன்னா?"

"என்னத்த அத்தை?"

"எங்கிட்ட மறைச்சுட்டுப் பத்திரிகையில போட்டிருக்கியே. யாரு சொன்னா?"

திரையைப் பார்த்தேன். என் கணவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தது. "ஊர் போடல அத்தை, அதான் அதுவா..."

"ஊரு போடலன்னா செத்துப்போயிருவானா?" போனை வைத்துவிட்டார்கள்.

ஓடிப்போய் பஸ் ஏறினேன். அந்தக் கருவியின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. அதற்கு ஒரு மண்ணும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் நம்பருக்கு அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தேன். படித்த கழுதை, சும்மா இரு என்று என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "மேலுக்குச் சொகமில்லையா தாயி?" என்று கேட்டார்.

வீட்டில் அத்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்ன விளக்கம் எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. உலையில் போட்ட அரிசி குழைந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் கூப்பிட்டார். டவர் கிடைக்கவில்லையாம். அத்தை, எதையும் சொல்லிவிடாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, சமையல்காரருக்குச் சொல்லியாச்சா, சேலை எடுத்தாச்சா என்று சாதாரணமாகப் பேசினார்கள். பிறகு போன் என் கைக்கு வந்தது. "என்னட்டி, பேச்சையே காணும்?" என்று சிரித்தார். பஸ்ஸில் வந்த அசதி என்றேன்.

போனை வைத்ததும் அத்தை சொன்னார்கள்: "அவன் பேரைப் பத்திரிகையில இருந்து எடுத்துரு."

"ஊர் போட்டுட்டா இனி வராது அத்தை."

"பேரே இல்லன்னா அது ஒண்ணுஞ் சொல்லாதுல்ல?"

அது எதையும் சொல்லாது, நான் எழுதியதைத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். மறுநாள் அவர் பெயர் இருந்த வரியை அழித்துவிட்டுத்தான் எண்டரைத் தட்டினேன்.